முப்பத்தொன்றுக்குள் போக வேண்டிய கார்

நாற்பது நிமிடமாக ஆர்டிஸின் காதில் ஒரே மணியோசைப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே கார் தானம் வாங்கும் அமைப்பின் பெண்குரல் வந்து, "உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் வண்டி எங்கள் கைக்கு வந்தால் மட்டுமே இந்த ஆண்டுக்கான வரிக்கழிவு கிடைக்கும்" என்று இனிமையாக மிரட்டிவிட்டு அவளை மறுபடி மணிகளிடமே ஒப்படைத்தது. முப்பதாம் தேதி பிற்பகல். உருளைக்கிழங்கு வெந்து, கரைந்து, அடிப்பிடிக்கும் வாசனை வரும்வரை அவள் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் வந்த பையன் தன் பெயரைச் சொல்லி, அவள் பெயரைக் கேட்டு, காரின் பெயரைக் கேட்டு, "நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு லாரி வரும்மா. கடைசி எடம் உங்களுக்குத்தான்" என்றபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கார் அவளுடையது அல்ல. அக்கா ஜெர்மைனுடையது. பதினெட்டு வயதான ப்யூக், சந்தன நிறம், பின் இருக்கையில் ஒரு பனி மண்வெட்டி. அது தானமாகப் போய், ஏலத்தில் விற்று, மாவட்டத்து உணவு வங்கிக்கு நாலு மூட்டை மாவாக மாறினாலும் சரி, இரும்புக் கடைக்குப் போனாலும் சரி, ஆர்டிஸுக்குக் கவலையில்லை. ஜெர்மைனின் வீட்டு வாசலில் அது நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஜெர்மைனுக்கு எழுபத்தேழு வயது. கண் போய்க்கொண்டிருந்தது. நடுவில் புகை அடித்ததுபோல் இருக்கும், ஓரங்கள் மட்டும் தெரியும் என்று கண் மருத்துவர் சொன்னதை, அவள் தூரத்து உறவில் யாருக்கோ வந்த சளியைப்போல் ஒருமுறை சொல்லிவிட்டு அதோடு விட்டுவிட்டாள். காப்பி ஊற்றும்போது கோப்பையின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டுதான் ஊற்றுவாள். விரல் சுட்டால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆர்டிஸ் அதை ஒரு வருடமாகப் பார்க்கிறாள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஓட்டுநர் உரிமம் எட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்க வேண்டும். ஜெர்மைனுடையதில் இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்தது. அவள் வீட்டுக்கு முன்னால் நெடுஞ்சாலை வளைகிறது. வளைவைத் தாண்டியதும் பள்ளிப் பேருந்து நிற்குமிடம். மூன்றேகால் மணிக்கு அங்கே ஏழு பிள்ளைகள் இறங்கும். ஆர்டிஸ் ஒருநாள் காரை ஓரமாக நிறுத்தி எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

நேராகச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. போன வருடம் ஈஸ்டருக்கு, பன்றித் தொடையை வெட்டிக்கொண்டே, "அக்கா, இனிமே நானே வந்து உன்ன கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். ஜெர்மைன் கத்தியைக் கீழே வைத்தாள். பதினோரு வாரம் பேசவில்லை. பன்னிரண்டாவது வாரம் போன் செய்து, தோட்டத்தில் புளிப்பு ருபார்ப் தண்டு நிறைய இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். ஆர்டிஸ் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். கண்ணைப் பற்றி அப்புறம் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஊரில் அப்படித்தான். யாரும் யாரிடமும் எதையும் நேராகச் சொல்வதில்லை. காற்று ஜாஸ்தியாக இருக்கிறது என்றால் கிளம்பு என்று அர்த்தம். சுவை வித்தியாசமாக இருக்கிறது என்றால் இனி சமைக்காதே என்று அர்த்தம். ஆர்டிஸ் அறுபத்தொன்பது வருடமும் அந்தப் பாஷையில்தான் வாழ்ந்திருக்கிறாள். இருபத்தாறு வருடம் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தபோதுகூட, உப்பு கூடிப்போன சூப்பைப் பற்றி ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குப்பைத்தொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அதனால்தான் நவம்பர் கடைசியில் ரேடியோவில் அந்த விளம்பரத்தைக் கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பழைய காரைத் தானம் செய்யுங்கள், வரியில் கழித்துக்கொள்ளுங்கள். கண் என்ற சொல்லே வேண்டாம். வயது என்ற சொல்லும் வேண்டாம். வரி! ஊர்ச்சபையில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவளிடம் வரியைப் பற்றிப் பேசுவதைவிடக் கௌரவமான விஷயம் என்ன இருக்கிறது? ஆர்டிஸின் வரிக் கணக்கையே ஜெர்மைன்தான் போடுகிறாள். ஒவ்வொரு பிப்ரவரியும் ஆர்டிஸ் ஒரு செருப்புப் பெட்டி நிறையக் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு வாரம் கழித்து ஜெர்மைன் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவாள். அந்தப் பெட்டிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று ஆர்டிஸ் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

"அக்கா, காரை தானமா குடுத்தா வரி மிச்சமாகுமாம்."

ஜெர்மைன் தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பாள். யாரோ தப்பு செய்துவிட்டதுபோல் இருக்கும்.

"எவ்வளவு மிச்சமாகுமாம்?"

"நிறையன்னு ரேடியோல சொன்னாங்க."

"ரேடியோல சொன்னாங்களா?"

"ஆமாக்கா. ஆனா முப்பத்தொண்ணுக்குள்ள குடுக்கணும்."

ஜெர்மைன் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவினாள். "சரி, குடுத்துடலாம்" என்றாள்.

ஆர்டிஸ் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

ஆனால் டிசம்பர் முழுக்க இழுத்தடிப்பு. முதல் வாரம், கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுகளை ஊரெல்லாம் கொடுத்து முடிக்கட்டும் என்றாள் ஜெர்மைன். இரண்டாவது வாரம் பாடகர் குழு ஒத்திகை. பத்தாம் தேதி ஒத்திகைக்குப் போன இடத்தில், சர்ச் வாசலில் போட்டிருந்த கிறிஸ்துமஸ் குடிலுக்குள் காரை விட்டுவிட்டாள். பலகையில் வெட்டி வர்ணம் அடித்த ஒரு ஆடு இரண்டாகப் பிளந்தது. குழந்தை இயேசுவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. பாடகர் குழுவில் பதினான்கு பேர் வெளியே ஓடிவந்து பார்த்தார்கள்.

"வெளக்கு பத்தல இங்க" என்றார் ஒருவர்.

"ஆமா, ஆட்ட ரொம்ப முன்னாடி வெச்சுட்டோம்" என்றார் இன்னொருவர்.

மறுநாள் ஆட்டுக்குப் பின்னால் ஒரு சட்டம் அடித்து நிறுத்திவிட்டார்கள். ஜெர்மைன் போனில் ஆர்டிஸிடம் சொன்னது, "ஒரு ஆடு விழுந்துடுச்சு" என்பது மட்டும்தான். முழுக்கதையையும் கடையில் மூன்று பேர் ஆர்டிஸிடம் சொன்னார்கள். மூவரும் விளக்கைத்தான் குறை சொன்னார்கள். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காவிடம் சொல்வது தன் வேலை என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் எரிச்சலாக வந்தது. பதினான்கு பேருக்கு வாய் இல்லையா?

மூன்றாவது வாரம் லாரி வருவதாகச் சொல்லி வரவில்லை. நான்காவது வாரம் பனிப்புயல்.

முப்பத்தொன்றாம் தேதி ஒன்பது மணிக்கே ஆர்டிஸ் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது குளிர்.

"காரோட உரிமைப் பத்திரம் எங்கக்கா?"

"எங்க இருக்கும்? அது இருக்கற எடத்துலதான்."

"அது எங்க?"

"ஃப்ரீசர்ல."

வீடு தீப்பிடித்தாலும் ஃப்ரீசர் எரியாது என்பது ஜெர்மைனின் கட்சி. ஆர்டிஸ் நிலவறைக்கு இறங்கி, பெட்டி ஃப்ரீசரின் மூடியைத் தூக்கி, தலைகீழாகத் தொங்கி, மான் இறைச்சிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். கீழே நாலு ஐஸ்கிரீம் வாளிகள். முதல் வாளியில் சூப். இரண்டாவதிலும் சூப். மூன்றாவதில் செர்ரி. நான்காவதில் பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், கல்லறை இடத்துக்கான ரசீது, அதற்கடியில் விறைத்துப்போன பிளாஸ்டிக் உறைக்குள் காரின் பத்திரம்.

"கெடச்சுதா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"கெடச்சுது. என் வெரல்தான் காணோம்."

"இறைச்சிய தேதி வாரியா திருப்பி அடுக்கிடு. பழசு மேல."

ஆர்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கினாள்.

மேலே வந்து பத்திரத்தை மேஜைமேல் வைத்து, உறையிலிருந்து எடுத்து, கையால் சூடு காட்டினாள். ஜெர்மைன் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போடணும்னு நான் காட்டறேன்க்கா."

"நீ எனக்குக் காட்டறியா? இந்த டவுன்ல பாதிப் பேருக்கு எங்க கையெழுத்துப் போடணும்னு சொன்னவ நான்."

ஆர்டிஸ் கையை இழுத்துக்கொண்டாள். ஜெர்மைன் காகிதத்தைத் திருப்பினாள். தலையைச் சாய்த்தாள். இடதுகைக் கட்டைவிரல் நகத்தால் காகிதத்தின் ஓரத்திலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினாள். அது விற்பவர் இடம் இல்லை. அதற்கும் கீழே, வாங்குபவர் இடம்.

சொல்ல ஒரு நொடி போதும். அக்கா, கொஞ்சம் மேல. மூன்றே சொற்கள். ஆனால் மேலே என்று சொன்னால் ஏன் கீழே போனாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால் ஈஸ்டர் வரும். பதினோரு வாரம் வரும். அவள் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேனா இறங்கியது. ஜெர்மைன் எம். லார்டினுவா. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்த, சுழித்துச் சுழித்துப் போகும் கையெழுத்து. அச்சடித்ததுபோல் இருந்தது. தப்பான கோட்டில்.

"ஆச்சா?" என்றாள் ஜெர்மைன்.

"ஆச்சு" என்றாள் ஆர்டிஸ்.

ஒருவேளை லாரிக்காரர் கவனிக்காமல் இருக்கலாம். கடைசி நாள், கடைசி வண்டி, குளிர். யார் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள்? இப்படி நினைத்துக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நம்பர் பிளேட்டைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்று போனில் பேசிய பையன் சொல்லியிருந்தான். திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. பனிமேல் முட்டிபோட்டு, பிறகு படுத்து, திருப்புளியோடு கால்மணி நேரம் மல்லுக்கட்டினாள். ஜெர்மைன் சமையலறை ஜன்னலைத் திறந்து, "எதிர்ப்பக்கமா திருப்பறியா நீ?" என்று கேட்டாள். கண் தெரியாதவளுக்கு இதுமட்டும் எப்படித் தெரிகிறது என்று ஆர்டிஸுக்குப் புரியவில்லை. உண்மையிலேயே எதிர்ப்பக்கமாகத்தான் திருப்பிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு லாரி வந்தது. ஆரஞ்சு நிறக் கோட்டில், ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். பெயர் டார்லா என்று கோட்டில் தைத்திருந்தது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"முன்னாடி வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருக்கே?"

"அது ஆடு" என்றாள் ஆர்டிஸ்.

டார்லா பத்திரத்தை வாங்கி, கையுறையை வாயால் கழற்றி, நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினாள். ஜெர்மைன் அதற்குள் கோட்டு போட்டுக்கொண்டு படியில் வந்து நின்றிருந்தாள்.

"அம்மா, இதுல வாங்கறவங்க எடத்துல கையெழுத்து இருக்கே."

"யாரோடது?" என்றாள் ஜெர்மைன்.

"உங்களோடதுதான். ரொம்ப அழகா போட்டிருக்கீங்க. ஆனா உங்க காரை நீங்களே வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

"அடிச்சிட்டு மேல போட்டுடலாமே" என்றாள் ஆர்டிஸ் அவசரமாக.

"அடிச்சா செல்லாதுங்க."

"வெள்ளை மை?"

"அதுவும் செல்லாது."

"அடிச்சா செல்லாது" என்றாள் ஜெர்மைனும், ஊர்ச்சபை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சொல்வதுபோல. "புதுசுதான் எழுதிப்போட்டு வாங்கணும்."

"இன்னைக்கே வாங்க முடியாதா?"

"ஆபீஸ் இன்னைக்கு லீவு. தபால்ல போட்டு வர ஒரு வாரம், பத்து நாள்" என்றாள் டார்லா. லாரியின் முன்பெட்டியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். "இதையே கட்டுக்கட்டா வெச்சிருக்கேன். இந்த மாசத்துல நீங்க ஒன்பதாவது."

"ஆனா இன்னைக்கு வருஷம் முடியுதே!"

"வருஷத்த நான் முடிக்கலீங்களே."

ஆர்டிஸ் படிவத்தை வாங்கிக்கொண்டு நின்றாள். ஜெர்மைன் படியிலிருந்து இறங்கி, கையால் காரின் கூரையைத் தொட்டு, அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டுநர் கதவுவரை வந்தாள்.

"சரி விடு. இந்த வருஷம் போச்சு. அடுத்த டிசம்பர்ல குடுத்துக்கலாம்."

அடுத்த டிசம்பர். ஆர்டிஸ் மனத்துக்குள் மாதங்களை எண்ணினாள். ஜனவரியின் உறைபனி, மார்ச்சின் மூடுபனி, பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் மூன்றேகால் மணி. வளைவுக்கு அந்தப்பக்கம் இறங்கும் ஏழு பேரில் ஒரு சின்னப் பெண் எப்போதும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். ஒரு மாதமாகத் தொலைபேசியிலும் நிலவறையிலும் பனியிலும் பட்ட பாடெல்லாம் வீணாகிவிட்டது. அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உனக்குக் கண்ணு தெரியல."

டார்லா தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். "காத்து ஜாஸ்தியா இருக்கு. நான் லாரில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெர்மைன் அசையவில்லை. "என்ன சொன்னே?"

"கண்ணு தெரியல. நீ யாரையாவது ஏத்திக் கொல்லப்போற. ஆடு இல்ல. ஆளு."

"கையெழுத்துப் போடும்போது நீ பக்கத்துலதானே நின்ன?"

ஆர்டிஸ் படிவத்தை இரண்டாக மடித்தாள்.

"நின்னேல்ல? தப்பா போடறேன்னு பாத்தேல்ல? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ மூச்சப் பிடிச்சுட்டு நின்ன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நீ எதுக்குப் பிடிச்சேன்னுதான் அப்ப தெரியல."

"ஏன்னா சொன்னா நீ பேசமாட்டே! போன தடவ சொன்னதுக்குப் பதினோரு வாரம் பேசல!"

"பன்னெண்டாவது வாரம் பேசினேன்ல?"

"ருபார்ப்பப் பத்திப் பேசின!"

லாரியின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி பாதி மூடியிருந்தது, முழுக்க இல்லை. டார்லா சாண்ட்விச் சாப்பிடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள்.

"உன் வரிய யாரு போடறா?" என்று கேட்டாள் ஜெர்மைன்.

"அது எதுக்கு இப்போ?"

"யாரு போடறா?"

"நீதான்."

"நீயும் நானும் நெலையான கழிவுதான் எடுக்கறோம். ஆளுக்கு இவ்வளவுன்னு அரசாங்கமே மொத்தமா கழிச்சுக் குடுத்துடும். வீட்டுக்கடன், தானம், அது இதுன்னு பட்டியல் போட்டு அதுக்கு மேல போறவங்களுக்குத்தான் ரேடியோக்காரன் சொல்றதெல்லாம். இந்தக் காரை நான் குடுத்தாலும் குடுக்காட்டியும் என் வரில ஒரு சென்ட் மாறாது."

ஆர்டிஸுக்குக் காதில் அந்த மணிகள் மறுபடி அடிப்பதுபோல் இருந்தது. "தெரிஞ்சா சரின்னு சொன்னே?"

"சொல்லும்போதே தெரியும்."

"பின்ன ஏன் சொன்னே? ஒரு மாசமா என்ன இந்தப் பாடு படுத்தினியே!"

"நீ முகமெல்லாம் செவந்துபோய் ஒரு காரணத்த தூக்கிட்டு வந்து நின்ன. நல்ல காரணமாவும் இருந்துச்சு. சர்ச்சுல யாராவது கேட்டா, வரிக்காகக் குடுத்துட்டேன்னு சொல்லிக்கலாம். எனக்கும் வசதிதான். முப்பத்தொண்ணுக்குள்ள மனச தேத்திக்கலாம்னு பாத்தேன், கொஞ்சம் இழுத்துடுச்சு." குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்ப ஜனவரில குடுத்தா, ஏன் குடுத்தேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"எல்லாருக்கும் இப்பவே தெரியும்க்கா. ஆட்ட ஒடச்ச அன்னைக்கே தெரியும்."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே."

"அதனாலதான் தெரியும்ங்கறேன்."

ஜெர்மைன் காரின் கூரைமேல் கிடந்த பனியைக் கையுறையால் தள்ளினாள். கொஞ்சம் தள்ளினாள், நிறுத்தினாள், மறுபடி தள்ளினாள். "அவங்க சொல்லமாட்டாங்க. நானும் அவங்களுக்குச் சொன்னதில்ல. ஆனா எனக்குச் சொல்றதுக்கு ஒருத்தி இருக்கான்னு நெனச்சிட்டிருந்தேன். நீ வரின்னு வந்து நின்ன."

ஆர்டிஸுக்குக் கோபம் இருந்தது. ஆனால் யார்மேல் என்று தெரியாமல் நின்றது. ஒரு மாதமாக, அக்காவின் மனம் நோகக் கூடாது என்றுதான் இந்தச் சுற்றுவழி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது குளிரில் நின்று பார்த்தால் அது அவ்வளவு அழகாகத் தெரியவில்லை. பதினோரு வார மௌனத்துக்குப் பயந்தவள் அவள்தான். அதைவிட இன்னொன்றும் இருந்தது. கார் போன பிறகு ஜெர்மைன் எப்படிக் கடைக்குப் போவாள், எப்படி ஒத்திகைக்குப் போவாள் என்று இந்த மாதம் முழுக்க அவள் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. ஈஸ்டரன்று நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று வாயால் சொன்னாளே தவிர, அக்கா அதற்குச் சரி என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? பதினோரு வாரம் பேசாமல் இருந்தது அவளுக்கும் ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. வரிக் கதைக்கு முப்பத்தொன்றாம் தேதியோடு முடிவு உண்டு. கண் கதைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது.

டார்லா லாரியிலிருந்து தலையை நீட்டினாள். "அம்மா, நான் கெளம்பறேன். பத்திரம் வந்ததும் கூப்பிடுங்க. ஜனவரில வரிசையே இருக்காது, மறுநாளே வந்துடுவேன்." கொஞ்சம் தயங்கினாள். "எங்கம்மாவோட கார்கூட இப்பிடித்தான் நான் எடுத்துட்டுப் போனேன். தானம்னுதான் சொன்னேன்." வேறெதுவும் சொல்லாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

லாரி நெடுஞ்சாலையில் திரும்பி வளைவைத் தாண்டி மறையும்வரை இருவரும் நின்றார்கள்.

"உள்ள வா. காது உதிர்ந்துடும்" என்றாள் ஜெர்மைன்.

சமையலறையில் ஆர்டிஸ் படிவத்தை விரித்தாள். ஜெர்மைன் எதிரே உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள். முதல் கட்டத்தில் முழுப் பெயர். இரண்டாவதில் முகவரி. வண்டி எண் பதினேழு எழுத்து, எட்டையும் ஆங்கில 'பி'யையும் குழப்பாதே.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குக்கா. தொலைஞ்சுதா, திருட்டுப் போச்சா, சேதமாச்சா?"

"சேதம்னு போடு."

"எப்படின்னு எழுத எடம் விட்டிருக்காங்க."

ஜெர்மைன் கட்டியிருந்த கைகளைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். "கண்ணு தெரியாம தப்பான கோட்டுல கையெழுத்துப் போட்டேன்னு எழுது."

"அவ்வளவு வெவரமா வேணாம்க்கா. தவறான இடத்தில் கையொப்பம்னு எழுதினா போதும்."

"நான் சொன்னத எழுது. உனக்கு எழுத வரலன்னா பேனாவ இங்க குடு."

ஆர்டிஸ் எழுதினாள். அவள் கையெழுத்து எப்போதும்போல் கோணலாக இருந்தது. பிறகு காகிதத்தைத் திருப்பி அக்காவுக்கு முன்னால் வைத்து, கோட்டின் தொடக்கத்தில் தன் ஆள்காட்டி விரலை வைத்தாள்.

"இங்க."

ஜெர்மைன் தடவி, அந்த விரலைக் கண்டுபிடித்தாள். "வெரல எடு. அதுமேல எழுதிடப்போறேன்."

"எழுதினா எழுது. எடுக்கமாட்டேன்."

ஜெர்மைன் விரலை ஒட்டியே கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்து, பேனாவை மூடி, மேஜைமேல் நேராக வைத்தாள். எழுந்து காப்பிப் பானையை எடுத்து வந்தாள். விளிம்பில் விரல் வைத்து இரண்டு கோப்பைகளையும் நிரப்பினாள்.

"வெரல் சுடலியா?" என்றாள் ஆர்டிஸ். ஒரு வருடமாகக் கேட்காத கேள்வி.

"சுடும். அதுக்குத்தானே வெக்கறேன்." ஜெர்மைன் உட்கார்ந்தாள். "சரி, கேளு. செவ்வாய்க்கெழம காலைல பத்து மணிக்கு எனக்கு முடி வெட்டணும். பத்துன்னா பத்து. நீ எப்பவும் பத்துப் பத்துக்குத்தான் வருவ. புதன் ஒத்திகை. வியாழன் கடை. வெள்ளிக்கெழம—"

ஆர்டிஸ் கோப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஜனவரி முழுக்க ஒவ்வொரு நாளாக அவள் கண்முன்னால் நிரம்பிக்கொண்டே வந்தது. பரவாயில்லை அக்கா, வந்துடறேன் என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்கு வேலை ஒன்றுமில்லை. நூலகத்தில் போய் வெறுமனே உட்கார்ந்திருப்பாள். வருடக்கணக்காக அந்த ஒரு நாளை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.

"செவ்வாய் முடியாதுக்கா" என்றாள்.

ஜெர்மைனின் தலை பக்கவாட்டில் திரும்பியது. "ஏன், என்ன வேல?"

"வேல ஒண்ணும் இல்ல. செவ்வாய்க்கெழம எனக்குத் தனியா இருக்கணும்."

ஆர்டிஸ் காத்திருந்தாள். கோப்பையைக் கீழே வைக்கும் சத்தத்துக்காக, மேஜை விரிப்பை நீவும் கைக்காக, பதினோரு வாரத்துக்காக.

ஜெர்மைன் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டாள். "எப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? ஒவ்வொரு செவ்வாயும் போன் பண்ணி உன் உயிர வாங்கிட்டிருந்தேன்."

"நான் எடுக்கவே மாட்டேனே."

"அதான் திரும்பத் திரும்பப் பண்ணினேன்." காப்பியை ஒரு வாய் குடித்தாள். "சரி, முடி திங்கக்கெழம. பத்து மணி."

"பத்தரை" என்றாள் ஆர்டிஸ்.